சாமிக்கோழியும் கரிச்சட்டியும்

ஊறிய தவிட்டின் மேல் முந்தின நாள் சோற்றின் நீச்சத்தண்ணியை ஊற்றியதும் குப்பென்று கிளம்புமே ஒரு புளித்த வாசனை, அதற்குள் கையை விட்டுப் பிசைந்தால் விரலிடுக்கெல்லாம் குளுகுளுவென்று ஏறுமே ஒரு நொசநொசப்பு, அதுதான் எனக்கு ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையின் ஒவ்வொரு காலையும். சமயநல்லூரில் மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த எங்கள் வீட்டின் பின்பக்கத்தில், துணி துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே குத்த வைத்து உட்கார்ந்துகொண்டு, அலுமினியத் தட்டின் விளிம்பில் கரண்டியால் தட்டினால் போதும், செங்கல் அடுக்கிக் கட்டிய கூட்டிலிருந்து எங்கள் "வெடைகள்" மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடி வரும். முட்டையிடும் பருவத்துக்கு இன்னும் வராத இளங்கோழியை எங்கள் பக்கத்தில் வெடை என்போம். குஞ்சாக இருந்தபோது இருந்த பயமும் போய், முட்டையிடுகிற கோழிக்கு வருகிற நிதானமும் வராத வயது அது; அந்த வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

மூன்றும் ஒரே அடையில் பொரித்தவை. பெற்ற தாய்க்கோழி பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டு அடுப்பில் குழம்பாகக் கொதித்துவிட்டதால், தாயில்லாப் பிள்ளைகள் என்கிற இரக்கத்தில் அவற்றை வளர்க்கிற பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். சாம்பல் நிறத்தில் இருந்தவள் கீரி. உடம்பெல்லாம் வெள்ளை தெளித்தாற்போல் இருந்தவள் புள்ளி. அலகிலிருந்து நகம் வரைக்கும் விறகடுப்புப் பாத்திரம் போலக் கறுத்திருந்தவளுக்கு என் அண்ணன் வைத்த பெயர் கரிச்சட்டி. தவிட்டுத் தட்டில் முதல் வாய் கரிச்சட்டிக்குத்தான். அவள் தின்னத் தொடங்கிய பிறகுதான் கீரி கழுத்தை நீட்டுவாள், கீரி நீட்டிய பிறகுதான் புள்ளி கிட்டே வருவாள். மாறி வந்தால் நடுமண்டையில் ஒரு கொத்து விழும், அவ்வளவோடு விவகாரம் முடிந்துவிடும். இந்த ஒழுங்கை யாரும் அவற்றுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, எங்களுக்கும் அது ஒரு ஒழுங்கு என்று அப்போது தெரியவில்லை.

கரிச்சட்டி எனக்குச் செல்லம். காரணம் இருக்கிறது. ஒரு மத்தியானம் நான் கல்லின் மேல் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தபோது, அவள் திடீரென்று தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்து "கொர்ர்ர்" என்று நீளமாக ஒரு சத்தம் கொடுத்தாள். கீரியும் புள்ளியும் பறந்தடித்துத் துவைகல்லின் சந்துக்குள் போய் ஒடுங்கின. அதற்கப்புறம்தான் தென்னைக்கு மேலே பருந்து வட்டமிடுவதை நான் பார்த்தேன். மற்ற இரண்டும் உள்ளே போகிற வரைக்கும் வெளியிலேயே நின்றிருந்துவிட்டுக் கடைசியாகத்தான் அவள் சந்துக்குள் நுழைந்தாள். அன்றைக்கே நான் அவள் கட்சிக்குப் போய்விட்டேன்.

இந்தக் குடும்பத்துக்குள் நான்காவதாக ஒருத்தி வந்து சேர்ந்ததற்குக் காரணம் அண்ணனின் கால். அப்பாவின் பழைய மொபெட்டைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், ரோட்டோரம் கொட்டிக் கிடந்த மணலில் சறுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அப்பா லாரியில் வடக்கே போயிருந்தார். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்போது அம்மா எங்கள் குலசாமியிடம் ஒரு நேர்த்தி வைத்துவிட்டாள்: கால் நல்லபடியாகச் சேர்ந்தால் ஒரு கோழியைக் கொண்டுவந்து விடுகிறேன். எங்கள் சாமிக்கு ரத்தம் ஆகாது. கோழியை உயிரோடு கொண்டுபோய்க் கோயில் வெளியில் விட்டுவிட வேண்டும், அது அங்கேயே சுற்றித் திரிந்து காலத்தை ஓட்டிக்கொள்ளும். ஆனால் அதற்குக் கட்டுதிட்டம் உண்டு. சந்தையில் வாங்கிய கையோடு கொண்டுபோய் விடக் கூடாது. நேர்ந்துகொண்ட வீட்டில் தங்கி, அந்த வீட்டுத் தவிட்டைத் தின்று வளர்ந்திருக்க வேண்டும். உடம்பில் காயமோ ஊனமோ இருக்கவே கூடாது.

"வீட்டுலதேன் மூணு நிக்கிதே, அதுல ஒன்ன விடுவோமே" என்று நான் கேட்டேன். அலங்காநல்லூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அதற்கு ஒப்பவில்லை. தம்பி மகனுக்காகச் செய்கிற காரியத்தில் தன் பங்கு இல்லாமல் போகலாமா என்று, ஒரு ஒயர் கூடைக்குள் செம்பழுப்பில் ஒரு செவலை வெடையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து இறங்கிவிட்டார். கூடையை இறக்கி வைத்ததும், "இந்தா தாயி, சாமிக்கு இதவிட லச்சணமா ஒரு கோழி இந்தச் சீமையில கெடையாது" என்றார். உண்மையிலேயே செவலை லட்சணமாகத்தான் இருந்தாள். அம்மா அவள் காலைக் கழுவி, தலையில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, மஞ்சளுக்கு நடுவில் பெரிதாகக் குங்குமப் பொட்டு ஒன்று வைத்து, சூடம் காட்டி, "இன்னயிலருந்து நீ சாமி சொத்து" என்று பின்பக்கம் இறக்கிவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பொட்டைப் புதிதாக வைப்பது முறை. பொட்டு வைத்த கோழி என்றால் பக்கத்து வீட்டு நாய்கூடத் தொடாது என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை.

நாய் தொடவில்லைதான். கரிச்சட்டி தொட்டாள். செவலை இறங்கி நின்று இறக்கையை உதறுவதற்குள், அவள் கழுத்து முடியைச் சிலிர்த்துக்கொண்டு நேராக நடந்து போய், பொட்டின் மேலேயே ஓங்கிக் கொத்தினாள். பின்வாசலில் கட்டிலைப் போட்டு மாவுக்கட்டுக் காலை நீட்டிப் படுத்திருந்த அண்ணனுக்குப் பொழுது போகாமல் கிடந்த கிடைக்கு அது பெரிய திருவிழாவாகிவிட்டது. வாடிவாசல் மைக்கில் பேசுகிறவர்களின் குரலை அப்படியே பிடித்துக்கொண்டு, "வருது வருது, சமயநல்லூர் கரிச்சட்டி வருது, தொட்டுப் பாரு, தொட்டவனுக்கு அண்டா, யாரும் குறுக்க வராத மாப்ள" என்று ஆரம்பித்துவிட்டான். நான் குறுக்கே போய் விழுந்து தூக்கியபோது செவலையின் உச்சந்தலையில் முடி பறந்து ரத்தம் துளிர்த்திருந்தது.

புதிதாக வந்தவளை நாலு கொத்துக் கொத்தி இடத்தைக் காட்டுவது கோழிகளின் வழக்கம், இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சரியாகவில்லை. கரிச்சட்டி கொத்தினாள், அவளைப் பார்த்துக் கீரி கொத்தினாள், ஒருவரையும் கொத்தி அறியாத புள்ளிகூட ஓடிவந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டு ஓடினாள். சாமி சொத்து அடி வாங்குகிறதே என்று பதறிப்போன அம்மா, செவலையைத் தனியாகப் பஞ்சாரத்துக்குள் போட்டு மூடினாள். மூங்கிலில் பின்னிய அந்தக் கவிழ்ப்புக் கூடைக்குள் அவளுக்குத் தனித் தண்ணீர், தனிக் கம்புத் தீனி, சில நாள் பொட்டுக்கடலை. ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொண்டவர் மாதிரி அவள் உள்ளே இருக்க, வெளியே மற்ற மூன்றும் மூங்கில் இடுக்கு வழியாக அந்தக் கம்பையே பார்த்துக்கொண்டு நின்றன. காயம் கொஞ்சம் ஆறியதும் வெளியே விடுவோம். விட்டவுடன் அடி விழும். மறுபடியும் உள்ளே போடுவோம். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அவள் மற்றவர்களுக்குப் புது ஆளாகவே வந்தாள்.

இதில் இன்னொன்றும் நடந்தது. காயம் பட்டதும் அம்மா மஞ்சளை அப்பி, சாமி கோபித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில், அதன் மேல் முன்னைவிடப் பெரிய பொட்டாக வைப்பாள். அடுத்த தடவை அடி இன்னும் பலமாக விழும். அம்மா அதைவிடப் பெரிய பொட்டு வைப்பாள். கடைசியில் செவலையின் தலை முழுக்கப் பொட்டாகிவிட்டது.

அந்த நிலையில் அத்தை ஒரு நாள் வந்து பார்த்தார். தலை முடி கொட்டி, ஒரு கண்ணோரம் வீங்கி, பஞ்சாரத்துக்குள்ளும் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் கோழியைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏத்தா, மூளிக் கோழியவா சாமிக்கு விடப் போற? இம்புட்டு நாளா அந்தக் கருங்கழுதைய வச்சு என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க? அடிச்சுக் கொழம்பு வையி, அன்னைக்கே சண்ட தீந்துரும்."

"நானும் அதத்தேன் மதினி நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள் அம்மா.

அம்மா வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டால் அது சும்மா வருகிற வார்த்தை அல்ல. பொங்கலன்று தாய்க்கோழிக்கும் அதே குரலில்தான் தீர்ப்பு விழுந்தது. நான் கரிச்சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவளை அறுத்தால் நான் இந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு தின்ன மாட்டேன் என்று கத்தினேன், அழுதேன், முருங்கை மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். அம்மா அசரவில்லை. ஆனால் நேர்த்திக்கு முன்னால் வீட்டில் ஓர் உயிரை அறுக்க அவளுக்கும் மனசு கூசியிருக்க வேண்டும். கடைசியில் சொன்னாள்:

"சரி, கோயிலுக்குப் போற அன்னைக்குச் செவலை ஒடம்புல ஒரு காயம் இருக்கக் கூடாது. அதுக்கு நீ பொறுப்பு. காயம் இருந்துச்சு, சாமிக்கு வேற கோழி. மறுநா வர்ற சொந்தக்காரவுகளுக்குக் கரிச்சட்டிதேன் கறி. இதுக்கு மேல என்கிட்டப் பேச்சு வச்சுக்கிறாத."

வைகாசியில் நாள் குறித்திருந்தார்கள். அதுவரைக்கும் கரிச்சட்டியின் உயிர் செவலையின் தலையில் இருந்தது.

நான் செய்யாத கூத்தில்லை. முதலில் கரிச்சட்டியை விளக்குமாற்றால் விரட்டினேன். என்னைக் கண்டால் விலகுவாள், நான் திரும்பியதும் கொத்துவாள். தண்ணீரை மேலே தெளித்தேன். நனைந்த எரிச்சலையும் செவலையிடமே காட்டினாள். காலில் கயிற்றைக் கட்டி முருங்கை மரத்தில் கட்டிப் போட்டேன். கட்டுப்பட்டுக் கிடந்த ஆத்திரத்தை அவிழ்த்துவிட்டதும் வட்டியோடு தீர்த்துக்கொண்டாள். "நீ ரெப்ரி வேலைக்கி லாயக்கில்ல" என்று அண்ணன் கட்டிலில் கிடந்தபடி கேலி செய்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆனால் கரிச்சட்டி மேல் மட்டும் வரவில்லை. பருந்தைப் பார்த்ததும் எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசியாகப் போனவள், காரணமில்லாமல் ஒருத்தியைக் கொல்லப் பார்க்கமாட்டாள் என்று நான் பிடிவாதமாக நம்பினேன். அந்த ஒரு நம்பிக்கையோடுதான் பகலெல்லாம் கல்லின் மேல் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தேன்.

விடை என் கால் வழியாக வந்தது. சித்திரைத் திருவிழாவுக்காகக் கை காலெல்லாம் மருதாணி வைத்திருந்தேன். மறுநாள் காலையில் நன்றாகச் சிவந்த கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தபோது, என் கரிச்சட்டி, என் மடியில் தூங்குகிற கரிச்சட்டி, கிட்டே வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு என் கட்டைவிரல் நகத்தில் நறுக்கென்று ஒரு கொத்துக் கொத்தினாள். வலி உயிர் போயிற்று. காலை இழுத்துக்கொண்டேன். அடுத்த காலில் கொத்தினாள். மருதாணி படாத குதிகாலை நீட்டினேன். அதை அவள் சட்டைகூடச் செய்யவில்லை. கீரியும் வந்தாள், அவளும் சிவந்த நகத்தைத்தான் தேடினாள். நான் வலியை மறந்து எழுந்து நின்றேன். கரிச்சட்டிக்குச் செவலை மேல் பகை இல்லை, அவள் கொத்தியது பொட்டை. பொட்டைக் கொத்தியதில் ரத்தம் வந்தது, ரத்தமும் சிவப்பு. அதன் மேல் அம்மா இன்னும் சிவப்பை அப்பிக்கொண்டே இருந்தாள்.

இதை அம்மாவிடம் வாயால் சொன்னால் செருப்படி விழும். சாமிக்கு வைத்த குங்குமத்தைக் குறை சொல்வதா? ஆகவே அத்தை அடுத்த முறை வருகிற வரைக்கும் பொறுத்திருந்து, இரண்டு பேரையும் பின்வாசலில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு தேங்காய்ச் "செரட்டை"களைக் கொண்டுவந்தேன். இரண்டையும் கவிழ்த்து, ஒன்றின் முதுகில் மஞ்சளை மட்டும் பூசினேன். இன்னொன்றில் மஞ்சளைப் பூசி நடுவில் குங்குமப் பொட்டு வைத்தேன். மண்ணில் இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்துவிட்டுக் கூட்டைத் திறந்தேன். மூன்று வெடைகளும் வந்தன. மஞ்சள் செரட்டையைத் தாண்டிப் போயின. பொட்டு வைத்த செரட்டையைச் சுற்றி நின்றுகொண்டு டொக் டொக் என்று கொத்தத் தொடங்கின. செரட்டை உருண்டு ஓட ஓட விரட்டி விரட்டிக் கொத்தின. அண்ணனுக்கு மைக் குரலே மறந்துவிட்டது. "எம்மா, செரட்டையுமா இவளுக்குச் சக்களத்தி?" என்று சாதாரணக் குரலில் கேட்டான்.

அத்தை லேசில் விடுகிறவர் அல்ல. "போடி, கோழிக் கொண்டையே செவப்புத்தேன், அதப் போயிக் கொத்துதா?" என்றார்.

எங்கிருந்துதான் எனக்கு அந்தப் பதில் வந்ததோ. "கொண்ட எல்லாத்துக்கும் இருக்கு, அத்த. பொட்டு இது ஒன்னுக்குத்தேன இருக்கு?"

அத்தை மஞ்சள் செரட்டையைக் காலால் கோழிகள் பக்கம் தள்ளிப் பார்த்தார், ஒன்றும் அதைத் தொடவில்லை. என் வாழ்க்கையில் அதற்குப் பின் எத்தனையோ பேச்சில் ஜெயித்திருக்கிறேன், அந்த ஜெயத்தின் ருசி இன்னொன்றில் கிடைக்கவில்லை. அம்மா எழுந்துபோய், செவலையைத் தூக்கி, ஈரத் துணியால் அவள் தலையிலிருந்த குங்குமம் பூராவையும் மெல்லத் துடைத்தாள். மஞ்சள் மட்டும் இருக்கட்டும், சாமி சொத்து என்பதற்கு அடையாளமாகக் காலில் மஞ்சள் துணிக்கிழிசல் ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்றாள். அப்புறமும் மனசு கேட்காமல், குங்குமச் சிமிழை எடுத்து வந்து பஞ்சாரத்தின் உச்சியில் ஒரு பொட்டை வைத்து, "சாமி, ஓம் பொட்டு இங்கன இருக்கு, கோச்சுக்கிறாத" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாங்கின வண்டிக்கும் கேஸ் அடுப்புக்கும் பொட்டு வைக்கிற ஊரில் கோழிக்கூடைக்கு வைப்பது யாருக்கும் விகற்பமாகப் படவில்லை.

ஆனால் வேலை பாதிதான் முடிந்திருந்தது. பொட்டுப் போனாலும் புண் சிவப்பாகத்தானே இருக்கிறது? வேப்பெண்ணெயில் அடுப்புக்கரியைக் குழைத்துச் செவலையின் தலையில் தடவினேன். அவள் தலையும் கறுத்துவிட்டது. "இப்ப ரெண்டு கரிச்சட்டி" என்றான் அண்ணன். சிவப்பு மறைந்ததும் கொத்து பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி பழக்கத்தினால் விழுந்தது. இத்தனை நாள் அடித்தவளுக்கு அடிக்கிற பழக்கமும் அடிபட்டவளுக்கு ஓடுகிற பழக்கமும் ஏறிப்போயிருந்தன. இவள் ஓடுவதைப் பார்த்தாலே அவள் விரட்டினாள்.

அப்போதுதான் எனக்குப் பஞ்சாரத்தைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. அடிபடுகிறவளை ஏன் உள்ளே போடுகிறோம்? அவளை உள்ளே போடப் போட அவள்தானே புதியவளாகிறாள்? அப்படியானால் அடிக்கிறவளை உள்ளே போட்டால்? என் செல்லத்தை நானே சிறை வைப்பது லேசாக இல்லை. கரிச்சட்டியைத் தூக்கிப் பஞ்சாரத்துக்குள் விட்டு மூடி, பின்பக்கத்தின் நட்டநடுவில், எல்லோரும் அவளைப் பார்க்கும்படியும் அவள் எல்லோரையும் பார்க்கும்படியும் வைத்தபோது, அவள் மூங்கில் இடுக்கில் தலையை நீட்டி என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. உனக்காகத்தான் கழுதை என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

வெளியே நடந்ததை என்னால் நம்ப முடியவில்லை. தலைவி இல்லாத இடத்தில் முதல் நாளே கீரி மிடுக்கோடு நடந்தாள். புள்ளி அவளை ஏற்கவில்லை. அவர்கள் இருவரும் யார் பெரியவள் என்று மூக்கோடு மூக்கு முட்டி நின்றுகொண்டிருந்த நேரத்தில் செவலை மெதுவாக வந்து, அந்த வீட்டில் முதல் முறையாக, யாரும் விரட்டாமல் தட்டில் வாய் வைத்தாள். ஒரு தட்டில் வைத்தால்தானே ஒருத்தி காவல் காக்க முடியும் என்று, தவிட்டைப் பிரித்து நாலு மூலைக்கு நாலு செரட்டையில் வைத்தேன். முருங்கைக் கீரையைக் கொத்தாகக் கட்டித் துணி காயப் போடும் கயிற்றில் தொங்கவிட்டேன். அதை எம்பி எம்பிப் பறிப்பதில் அவர்களுக்குப் பாதிப் பகல் போயிற்று. செவலைக்குக் கூன் நிமிர்ந்தது. ஒரு சாயங்காலம் புள்ளி அவளைக் கொத்த வந்தபோது அவள் ஓடவில்லை. நின்று, கழுத்தை நீட்டி, திருப்பி ஒன்று கொடுத்தாள். நான் கைதட்டிய தட்டலில் சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

கரிச்சட்டியை வெளியே விட்ட அன்றைக்கு விளக்குமாற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேன். அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். பஞ்சாரத்தைத் தூக்கினேன். அவள் வெளியே வந்து உடம்பை ஒரு உதறு உதறினாள், நேராகக் கிட்டத்திலிருந்த செரட்டைக்கு நடந்தாள். அங்கே கீரி நின்றாள், நகரவில்லை. இருவரும் எதிரெதிரே எம்பிக் குதித்தார்கள், முடி பறந்தது, மண் பறந்தது. கடைசியில் கீரி தலையைத் தாழ்த்தி ஒதுங்கினாள். கரிச்சட்டிக்கு அவள் இடம் திரும்பக் கிடைத்தது, ஆனால் அதை மீட்பதிலேயே அவளுக்குச் சத்து பூராவும் தீர்ந்துவிட்டது. அடுத்த மூலைச் செரட்டையில் செவலை தின்றுகொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தாள். கிட்டே போனாள். லேசாக, பெயருக்கு, ஒரு கொத்து. செவலை ஓரடி தள்ளி நின்றுகொண்டு தின்பதைத் தொடர்ந்தாள். கரிச்சட்டியும் தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தாள். அவ்வளவுதான். நான் மண்ணில் உட்கார்ந்து சிரித்தேன், சிரிப்புக்கு நடுவில் அழுதேன். அண்ணன் கட்டிலிலிருந்து, "சமயநல்லூர்க் காளைக்கு ஒரு கைதட்டுப் போடுங்கப்பா" என்று கூவினான்.

அவர்கள் ஒன்றும் கட்டிப் பிடித்துக் கொஞ்சிக்கொள்ளவில்லை. யார் முதலில் தின்பது, யார் கடைசியில் தின்பது என்பது நால்வருக்கும் தெரிந்துபோனது, அதனால் யாரும் யாரையும் கொத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அண்ணனுக்குக் கட்டுப் பிரித்து அவன் கம்பை ஊன்றி நடக்கத் தொடங்குவதற்குள் கரிச்சட்டி "கேற" ஆரம்பித்தாள். முட்டையிட இடம் தேடுகிற கோழி தொண்டையை இழுத்து இழுத்துப் போடுகிற சத்தம் அது. அவள் முதல் முட்டையை என் பழைய பள்ளிக்கூடப் பைக்குள் இட்டு வைத்தாள்.

கோயிலுக்குப் புறப்படுகிற அன்று காலையில் அத்தை செவலையைத் தன் மடியில் போட்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் முடியை ஊதி ஊதிப் பிரித்துப் பார்த்தார். அம்மா பக்கத்திலேயே நின்றாள். வடக்கேயிருந்து லாரியில் திரும்பியிருந்த அப்பாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது, "கோழிக்கி என்ன, பொண்ணா பாக்குறீக?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. உச்சந்தலையில் புதிதாக முளைத்த முடி மற்றதைவிடக் கொஞ்சம் வெளிறிப் பளபளவென்று இருந்தது. அதை அத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். தழும்பு ஏதும் தட்டுப்படவில்லை. "ம், தேறும்" என்றார்.

அலங்காநல்லூருக்கு அப்பால் வயல்வெளிக்கு நடுவே இருக்கிறது எங்கள் குலசாமி கோயில். வேனில் போய் இறங்கிப் பொங்கல் வைத்து, பூசை முடிந்ததும், அண்ணன் கையால் செவலையை இறக்கிவிட வேண்டும். அங்கே ஏற்கெனவே யார் யாரோ நேர்ந்து விட்ட சேவலும் கோழியுமாக ஒரு பட்டாளமே மேய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் கையை எடுத்ததும் அவை தலையைத் தூக்கின. ஒரு பெரிய சாம்பல் நிறக் கோழி கழுத்து முடியைச் சிலிர்த்துக்கொண்டு செவலையை நோக்கி வந்தது. இத்தனை பாடுபட்டது இதற்குத்தானா, மறுபடியும் முதலிலிருந்தா என்று நான் ஓரடி முன்னால் வைத்தேன். ஓடிப்போய்த் தூக்கலாம் என்றால் விட்டது விட்டதுதான், சாமிக்கு விட்டதைத் திரும்பத் தொடக் கூடாது. செவலை பின்வாங்கவில்லை. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அந்தக் கோழியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கழுத்தை விடைத்துக்கொண்டு நாலடி நேராக நடந்துபோய், எம்பி, நடுமண்டையில் ஒன்று வைத்தாள். சாம்பல் கோழி இதை எதிர்பார்க்கவில்லை. திரும்பிக்கொண்டு போய்விட்டது. செவலை உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, சிதறிக் கிடந்த பச்சரிசியைப் பொறுக்கத் தொடங்கினாள்.

அந்த நடையும் அந்த உதறலும் யாருடையது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"யாத்தே! எங்கிட்டு இருந்துடி வந்துச்சு இதுக்கு இம்புட்டு வீராப்பு?" என்றாள் அம்மா.

அத்தைதான் பதில் சொன்னார். "வேற எங்கிட்டிருந்து? அதேன் வீட்டுல ஒரு கருப்பு வாத்தியாரு இருக்குல்ல." என் பக்கம் பார்க்காமலே மேலும் சொன்னார்: "அத அடிச்சுப்புடாதத்தா."

மறுநாள் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கறிச்சோற்றை எதிர்பார்த்து வந்தவர்களின் இலையில் முட்டைக் குழம்பு விழுந்தது. கரிச்சட்டி இட்டதோடு கடை முட்டையும் சேர்த்து அம்மா வைத்த குழம்பு அது. முனகியவர்களை அத்தை ஒரு பார்வையில் அடக்கிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து மூன்று முறை குழம்பு வாங்கித் தின்றார். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து என் இலையில் இருந்த சோற்றில் பாதியைக் கரிச்சட்டிக்குப் போட்டேன். அன்றைக்கு ஊரிலேயே பெரிய ஆள் நான்தான் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் பட்டது.

இப்போது நான் திருநகரில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறேன். மேல் வீட்டுக்காரர்கள் மொட்டைமாடியில் கம்பிக் கூண்டு வைத்து நாட்டுக்கோழி என்று சொல்லிச் சிலவற்றை வாங்கி வந்திருந்தார்கள். ஒன்றையொன்று கொத்திக்கொள்கின்றன, வந்து பார்க்க முடியுமா என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் மூக்கு நுனி இல்லை. சண்டை வராமலிருக்கக் குஞ்சிலேயே மூக்கை வெட்டித்தான் விற்கிறார்களாம். மூக்கு மழுங்கிய பிறகும் அவை சண்டைதான் போட்டன, மண்ணைக் கிளறத்தான் முடியவில்லை. சண்டை போடுகிற ஒருத்தியை மட்டும் கொஞ்ச நாள் தனியாக வையுங்கள், தீனியை நாலு இடத்தில் பிரித்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது தேவலை என்கிறார்கள்.

எங்கள் குலசாமி கோயிலில் இப்போது அந்தக் கோழிப் பட்டாளம் இல்லை. வாசலிலேயே கோழி கிடைக்கிறது. வாங்கி, உள்ளே விட்டு, கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம், விட்டது மறுபடி வாசலுக்கே விற்பனைக்கு வந்துவிடும். வீட்டுத் தவிட்டைத் தின்று வளர்ந்திருக்க வேண்டும் என்று இன்று யாரும் கேட்பதில்லை, அதைத் தின்ன வைக்கிற பின்பக்கமும் யார் வீட்டிலும் இல்லை. எங்கள் வீட்டில் அந்த இடம் முழுக்க சிமெண்டுத் தளம் போட்டு அண்ணன் கார் நிறுத்துகிறான். துவைகல்லும் போயிற்று, பஞ்சாரமும் போயிற்று.

அந்தத் தளத்துக்கு அடியில்தான் கரிச்சட்டி இருக்கிறாள். வருஷக்கணக்காக முட்டையிட்டு, பிறகு முட்டையை நிறுத்தி, கண் மங்கி, அப்போதும் தவிட்டுத் தட்டில் முதல் வாயைத் தானே வைத்துக்கொண்டு, ஒரு நாள் காலையில் கூட்டுக்குள் உட்கார்ந்தபடியே செத்துப் போயிருந்தாள். எந்த விருந்தாளி வந்தபோதும் அம்மா அவளைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கறிக்குப் பேர்போன எங்கள் தெருவில், கிழடாகிச் செத்த கோழி அவள் ஒருத்திதான்.